நூற்றால் பெருக்கும் கணக்கு

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்டதை நாம் மறையுரைகளில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். ஆயினும் பிறருடைய வீட்டு வரவுசெலவைத் தாளில் எழுதி, கோடு கிழித்து, கூட்டிப் பார்க்கும் வேலை நமக்கு வாய்த்தது 2025 ஆம் ஆண்டு கோடையில்தான். அதுவும் நம் நாட்டில் அன்று. ஜெர்மனி நாட்டில், மைன் ஆற்றங்கரையில் உள்ள வூர்ஸ்பர்க் நகரில், ஒரு மூன்றாம் மாடி அறையில்.

அந்நாட்டுப் பங்குத்தந்தையர் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் விடுமுறையில் செல்லும்போது, வெளிநாட்டுக் குருக்களை அழைத்துப் பங்குப் பணியை ஒப்படைத்துச் செல்வது வழக்கம். அவ்விதமே நாமும் ஆறு வாரம் அங்கே தங்கினோம். நாம் புறப்படும் செய்தி பங்கில் பரவியதும் ஒரு தாய் கோவில் வாசலில் காத்திருந்தார். அவருடைய மூத்த மகள் அதே நகரில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். குடும்பம் இன்னதென்று தெரியக்கூடாது என்பதற்காகப் பெயர்களை விட்டுவிடுகிறோம்.

"சாமி, பிள்ளைக்கு மாசம் மூணு லட்சத்துக்கு மேல சம்பளம்னு எல்லாரும் சொல்லுதாவ. எங்களுக்கு அனுப்புறது முப்பதாயிரம். பாக்கி எங்க போவுதுன்னு கேக்க எனக்கு வாய் வரல்ல. நீங்க போறியள்லா, ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

அருகில் நின்ற மகன், அக்கா மாறிவிட்டாள் என்று மட்டும் சொன்னான். அந்தச் சொல்லை நாமும் பெட்டியோடு சேர்த்துச் சுமந்துகொண்டு போனோம் என்றே சொல்ல வேண்டும்.

வூர்ஸ்பர்க் பழைமையான ஆயர் நகரம். மறைமாவட்டம் 742 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அயர்லாந்திலிருந்து வந்து அங்கே மறைசாட்சியாக உயிர்நீத்த புனித கிலியானின் பெயரால் பேராலயம் விளங்குகிறது. ஆற்றின் மறுகரையில் குன்றின்மேல் மரியன்பெர்க் கோட்டை. சரிவுகளெங்கும் திராட்சைத் தோட்டங்கள். 1945 மார்ச் 16 ஆம் நாள் மாலை ஏறத்தாழ 20 நிமிடக் குண்டுவீச்சில் பழைய நகரம் முழுவதும் எரிந்து அழிந்தது என்றும், இப்போது காண்பதில் பெரும்பகுதி மீண்டும் கட்டியதே என்றும் நம்மை அழைத்துச் சென்ற முதியவர் கூறினார். நம் கண்ணுக்கு அந்த வடு எங்கும் புலப்படவில்லை.

நம்மை மிகவும் கவர்ந்தது அங்குள்ள ஒரு மருத்துவ அறநிலையம். யூலியஸ் எக்டர் என்னும் ஆயர் 1576 இல் ஏழைகள், நோயாளிகள், அநாதைகள், வழிப்போக்கர்கள் ஆகியோருக்காக நிறுவியது. யூலியஸ்ஷ்பிட்டால் என்பது பெயர். அது என்றும் நடைபெறுவதற்குத் திராட்சைத் தோட்டங்களையும் காடுகளையும் விளைநிலங்களையும் எழுதி வைத்தார். இன்றும் அத்தோட்டத்துத் திராட்சை இரசம் விற்பனையாகிறது. நல்ல எண்ணத்தை விட்டுச்சென்றவர் பலர். அதற்கு வருமானத்தையும் விட்டுச்சென்றவர் சிலரே என்று எண்ணிக்கொண்டோம்.

இனி நம் சொந்த அவமானத்தையும் ஒளிக்காமல் எழுதிவிடுவோம். அங்கே இறங்கிய நாள்முதல் நாம் எதைப் பார்த்தாலும் நூற்றால் பெருக்கத் தொடங்கினோம். அவ்வேளையில் ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 100 ரூபாய் கிடைத்தது. ஆதலால் பெருக்கல் எளிது. ஒரு குவளைக் காப்பி மூன்றரை யூரோ. 350 ரூபாய்க் காப்பியா என்று எழுந்து வந்துவிட்டோம். தொடர்வண்டி நிலையக் கழிப்பறையில் ஒரு யூரோ கேட்டார்கள். நூறு ரூபாய் என்று மனம் பதறிற்று. எனினும் அங்கே எழுந்து வர இயலவில்லை. முடி திருத்திக்கொள்ளப் போய் 24 யூரோ கொடுத்தோம். நம் ஊரில் 120 ரூபாய். தலையில் எஞ்சியிருந்த முடிக்கு அது மிகையென்று அன்றிரவு முழுவதும் தோன்றிற்று.

ஆனால் கடைக்குப் போனபோது கணக்கு வேறுவிதமாக இருந்தது. ஒரு கிலோ கோதுமை மாவு 80 சென்ட்டுக்குக் கிடைத்தது. அதாவது 80 ரூபாய். நம் ஊர்க் கடையில் 55, 60. பால் லிட்டர் ஒரு யூரோவுக்குச் சற்று மேல்; நம் ஆவின் நீல உறைப் பால் 40 ரூபாய். கைப்பேசி இரு நாட்டிலும் ஒரே விலை. ஆக, எந்திரத்தில் பிறந்து லாரியில் வரும் பொருளுக்கு வேறுபாடு சிறிது. மனிதன் தன் கையால் செய்யும் வேலைக்கு, அதாவது முடி திருத்துபவர், குழாய் பழுதுபார்ப்பவர், உணவு பரிமாறுபவர் ஆகியோருக்கு, பத்து மடங்கு, இருபது மடங்கு. வீட்டு வாடகையைக் கேட்கவே வேண்டாம். நாணய மாற்று விகிதம் ஒன்று. அந்த நாணயம் அந்தந்த நாட்டில் எவ்வளவு வாங்கும் என்பது வேறொன்று. உலக வங்கியின் ஏற்பாட்டில் நாடுகளின் விலைவாசியை ஒப்பிடும் கணக்கு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. 2017 ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி, அமெரிக்காவில் ஒரு டாலர் வாங்குவதை நம் நாட்டில் 20 ரூபாய் 65 காசு வாங்கிவிடும். அதே ஆண்டில் சந்தையில் ஒரு டாலரின் விலை 65 ரூபாய். நம் முடி திருத்தகத்தில் கண்ட உண்மையைப் பொருளியல் அறிஞர்கள் பெரிய அளவில் கண்டிருக்கிறார்கள்.

அப்பெண் ஞாயிறு திருப்பலிக்கு வந்திருந்தாள். முதல் ஞாயிறு நாம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் ஞாயிறு தன் இருப்பிடத்துக்கு உணவுக்கு அழைத்தாள். உறைந்த மீனை வாங்கிப் புளி கரைத்து மீன்குழம்பு வைத்திருந்தாள். ஞாயிறன்று அங்கே கடைகள் சட்டப்படி மூடியிருக்குமாதலால் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டுமாம். உண்டு முடித்தபின் அவளே தொடங்கினாள்.

"ஃபாதர், அம்மா ஏதாவது கேக்கச் சொன்னாங்களா?"

நாம் பொய் சொல்லவில்லை. அவள் கோபப்படவும் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து தன் சம்பளச் சீட்டை எடுத்து நம் முன் வைத்து, ஒரு வெள்ளைத் தாளையும் அடிக்கோலையும் கொண்டு வந்தாள். செவிலியர்களுக்கே உரிய நேர்த்தியோடு தாளின் நடுவே ஒரு கோடு கிழித்தாள்.

மொத்தச் சம்பளம் 3,400 யூரோ. ஊரார் சொல்லும் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் இதுவே. அவள் கைக்கு வருவது 2,225. இடையில் போன 1,175 யூரோ எங்கே? ஓய்வூதிய நிதிக்கு 9.3 விழுக்காடு, அதாவது 316. மருத்துவக் காப்பீட்டுக்கு ஏறத்தாழ 290. முதுமையிலும் நோயிலும் பராமரிப்புக்கான காப்பீடு 80க்கு மேல். பிள்ளையில்லாதவர் அதில் சற்றுக் கூடுதலாகச் செலுத்த வேண்டும். வேலையிழப்புக் காப்பீடு 44. வருமான வரி 400க்குச் சற்று மேல். கடைசி வரியைக் கண்டு நாம் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தோம். கோவில் வரி, 33 யூரோ. கத்தோலிக்கர் என்று பதிவு செய்தவரிடமிருந்து வருமான வரியின்மேல் பவேரியா மாநிலத்தில் 8 விழுக்காடும், பிற மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் 9 விழுக்காடும் அரசே பிடித்தம் செய்து திருச்சபைக்குக் கொடுக்கிறது. நம் பங்கில் வீட்டு வரி மாதம் 200 ரூபாய் என்று அன்பியக் கூட்டத்தில் தீர்மானிக்க நாம் மூன்று மாதம் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

"இது வீண் பணம்னு நான் சொல்ல மாட்டேன் ஃபாதர். போன வருசம் எனக்கு அறுவை நடந்தது. ஆஸ்பத்திரியில ஒரு நாளைக்குப் பத்து யூரோ வீதம் கட்டினேன், அவ்வளவுதான். அம்மாகிட்ட சொல்லல்ல" என்றாள்.

பிறகு தாளின் இடப்பக்கம் நிரம்பத் தொடங்கிற்று. வாடகை 620. அங்கே வாடகையைக் 'குளிர் வாடகை' என்றும் 'சூடான வாடகை' என்றும் இருவகையாகச் சொல்கிறார்கள். வெறும் சுவருக்கும் கூரைக்கும் 480. குளிர்காலச் சூடேற்றம், தண்ணீர், குப்பை முதலியவற்றுக்கு 140. ஆண்டு முடிவில் சூடேற்றத்துக்கு அதிகம் செலவாகியிருந்தால் இன்னொரு சீட்டு வரும். மின்சாரம் 45. தொலைபேசியும் இணையமும் 40. வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் 18 யூரோ 36 சென்ட். வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் கட்டியாக வேண்டும். இவள் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. நாடு முழுவதும் பேருந்திலும் உள்ளூர்த் தொடர்வண்டியிலும் செல்லும் மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கப்பட்டது. 2025 இல் 58. உணவுக்கு 300. சோப்பு, மருந்து, உடை, சிறு காப்பீடுகள் சேர்த்து 120.

அடுத்து 200 என்று எழுதி, அருகில் 'அடுக்களை' என்று எழுதினாள். நமக்கு விளங்கவில்லை.

அந்நாட்டில் பல வாடகை வீடுகளில் அடுக்களைச் சாமான் இராதாம். அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் குடிபோகிறவரே வாங்கிப் பொருத்த வேண்டும். வெளியேறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். பழைய அடுக்களை ஒன்றை 900 யூரோவுக்கு வாங்கினாள். அத்துடன் வீட்டு முன்பணம், சட்டம் அனுமதிக்கும் மூன்று மாதக் குளிர் வாடகை, 1,440. இரண்டுக்கும் உடன் பணிபுரியும் ஒரு மலையாளப் பெண்ணிடம் கைமாற்று வாங்கி, 2025 மார்ச்சிலிருந்து பன்னிரண்டு தவணையாக அடைக்கிறாள்.

ஊருக்கு வரும் விமானச் சீட்டுக்காக மாதம் 80 ஒதுக்கி வைக்கிறாள். ஜெர்மன் மொழி படிக்கவும், ஆள் அனுப்பும் தனியார் ஒருவருக்குக் கட்டணம் செலுத்தவும் ஊரில் வாங்கிய கடனுக்கு மாதம் 300 யூரோ நேராக வங்கிக்குச் செல்கிறது. அதாவது 30,000 ரூபாய். வீட்டார் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஏனெனில் அது அவர்கள் கையில் படுவதில்லை. தாய்க்கு அனுப்புவது இன்னொரு 300. மீதி 144 யூரோ.

அந்த 144ஐ அவள் வட்டமிட்டாள். "இதுல சூடேத்துற பாக்கிச் சீட்டு வரும். மிஞ்சினா எனக்கு" என்றாள்.

நாம் கூட்டிப் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. முதல் ஓராண்டு இதைவிட நெருக்கம். வெளிநாட்டுப் படிப்புக்கு அந்நாடு ஒப்புதல் அளிக்கும்வரை செவிலியர் உதவியாளருக்கான குறைந்த சம்பளமே கொடுப்பார்கள், அதற்கென ஒரு தேர்வும் எழுத வேண்டும்.

இங்கே நமக்கு ஒன்று தெளிவாயிற்று. நூற்றால் பெருக்குவது தவறான கணக்கு என்று சொல்லிவிட முடியாது. யூரோ கடல் கடக்கும் அந்த நொடியில் அது மெய்யாகவே நூறு ரூபாய்தான். ஆனால் அங்கே வாடகையாகவும் ரொட்டியாகவும் கரையும் யூரோவை நூற்றால் பெருக்கக் கூடாது. அது அங்கேயே பிறந்து அங்கேயே இறந்துவிடுகிறது. பெருக்க வேண்டியது எஞ்சியதை மட்டுமே. ஊரில் நாம் மொத்தத்தைப் பெருக்கிவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறோம்.

அத்துடன் முடிந்துவிடும் என்றுதான் எண்ணினோம். அப்போது அவள் கேட்ட கேள்வி நம்மைத் திகைக்க வைத்தது.

"ஃபாதர், நானும் ஒண்ணு கேக்கணும். ரேசன் அரிசி சும்மா. டவுன் பஸ்சுல பொம்பிளைங்களுக்கு டிக்கெட் இல்ல. அம்மாவுக்கு மாசம் ஆயிரம் ரூவா அரசாங்கம் குடுக்குது. கரண்டும் நூறு யூனிட் சும்மா. பின்ன முப்பதாயிரம் எங்க போவுது? நான் புறப்படும்போ பதினஞ்சாயிரத்துல வீடு நடந்துதே."

அவள் புறப்பட்டது 2021 ஆம் ஆண்டின் இறுதியில். அவள் மனத்தில் நம் ஊரின் விலைவாசி அன்றே உறைந்துவிட்டது. ஊரார் அவளை நூற்றால் பெருக்கினார்கள். அவளோ ஊரை நூற்றால் வகுத்து, முந்நூறு யூரோவில் ஒரு குடும்பம் அரசர்போல் வாழும் என்று எண்ணியிருந்தாள். அவள் சொன்ன சலுகைகள் அனைத்தும் உண்மையே. பேருந்துச் சலுகை 2021 இலும், மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலும் வந்தவை.

தாளின் வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. நாம் அங்கேயே தாய்க்குத் தொலைபேசி செய்தோம். அங்கே பகல் இரண்டு மணி. இங்கே ஐந்தரை, செபமாலைக்கு முன். செலவை வரிசையாகச் சொல்லச் சொன்னோம். மகள் அருகில் இருப்பதையும், ஒலிபெருக்கி இயங்குவதையும் சொல்லிவிட்டோம். ஒளித்துக் கேட்பது நமக்கு உடன்பாடன்று.

தாய் முதலில் தயங்கினார். பிறகு மடைதிறந்ததுபோல் வந்தது. மீன் நாளொன்றுக்கு 150 வீதம் 4,500. ரேசன் அரிசி போதாமல் ஒரு மூடை 1,400. காய்கறியும் பலசரக்கும் 5,000. பால் 1,200. எரிவாயு உருளை 900. தேங்காயெண்ணெய் இரண்டு லிட்டர் 900. இதைக் கேட்டதும் மகள் தலையை உயர்த்தினாள். தேங்காய் விளையும் நம் குமரி மாவட்டத்திலேயே 2025 ஆம் ஆண்டில் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிவிட்டது அவளுக்குத் தெரியாது. மின்சாரம் 500, தொலைபேசி 700, கோவில் வரி 200. தகப்பனாருக்கு நீரிழிவு, மருந்து 2,800. தம்பியின் கல்லூரிக்கும் பேருந்துக்கும் மாதக் கணக்கில் 5,500. அங்கோ அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பவேரியாவில் 2013 இல் அதை நீக்கிவிட்டார்கள். கல்யாணம், சாவு, முதல் நன்மை விருந்து என்று மொய் 2,500.

"பாக்கி மூவாயிரம் சீட்டு கட்டுதேன் சாமி. இளைய பிள்ளைக்கு. பவுன் எழுவத்தஞ்சாயிரத்தைத் தாண்டிட்டு."

2021 முடிவில் பவுன் 40,000க்குக் கீழே இருந்தது. நகை கேட்கும் வழக்கத்தைப் பற்றி நாம் மறையுரை மேடையில் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனோம், இங்கே விரிக்கவில்லை. ஆனால் அந்த வழக்கம் இரண்டு நாட்டிலும் ஒரு பெண்ணின் மாதக் கணக்கைத் தின்கிறது என்பதை அன்று எண்களாகவே கண்டோம். வலப்பக்கம் கூட்டியபோது 29,100 வந்தது.

தாயும் மகளும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. தொலைபேசியில் யார் வீட்டுக் கோழியோ கூவிக்கொண்டிருந்தது. பிறகு தாய், "சாப்பிட்டியா மக்கா?" என்றார். மகள், "மீன்கொழம்பு வச்சேன்மா" என்றாள்.

அன்று மாலை அவள் பணிக்குச் சென்றபின் நாம் பழைய பாலத்தில் நடந்தோம். புனிதர்களும் மன்னர்களுமாகப் பன்னிரண்டு கற்சிலைகள் இருமருங்கும் நிற்க, நடுவே மக்கள் திராட்சை இரசக் கிண்ணங்களோடு கூடி நின்றார்கள். கிண்ணத்துக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். கூட்டத்தினிடையே நம் வயதையொத்த ஒருவர், சுத்தமான சட்டையணிந்தவர், குப்பைத் தொட்டிக்குள் கைவிட்டு வெறும் புட்டிகளைப் பொறுக்கிப் பையில் இட்டுக்கொண்டிருந்தார். கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒரு பிளாஸ்டிக் புட்டிக்கு 25 சென்ட் கிடைக்கும். வாழ்நாளெல்லாம் உழைத்து, ஓய்வூதியம் வாடகைக்கே போய்விடும் முதியவர்கள் இப்படி உண்டென்று பங்கு இல்லத்து அம்மையார் பின்னர் சொன்னார். வழக்கம்போல் நம் மனம் 25 ரூபாய் என்று பெருக்கிற்று. உடனே வெட்கமடைந்தோம். அவருக்கு அது 25 சென்ட்; அரை ரொட்டிக்கு மேல் ஆகாது.

ஆகஸ்டு இறுதியில் ஊர் திரும்பினோம். அந்தத் தாளை மடித்துத் திருப்புகழ்மாலைப் புத்தகத்தில் வைத்துக் கொண்டுவந்து, ஒரு மாலையில் அவ்வீட்டுக்குச் சென்று கொடுத்தோம். அறுவையைப் பற்றி நாம் வாய்திறக்கவில்லை. அதை அவளே சொல்லட்டும். தம்பி தாளை வாங்கி இரண்டு பக்கத்தையும் படித்தான். வட்டமிட்ட 144இன்மேல் விரலை வைத்துச் சற்று நேரம் இருந்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தாய்க்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டி வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"அடுக்களை இல்லாத வீட்டையா சாமி வாடகைக்குக் குடுத்தானுவ?"

ஆம் என்றோம்.

"அந்தக் கடன் எப்பத் தீரும்?"

வருகிற தவக்காலம் தொடங்கும்போது தீர்ந்துவிடும் என்றோம். அவர் விரலை மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து, தம் அடுக்களைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் காகிதத்தில் பொதிந்த குடம்புளியும் ஒரு பொதி கருவாடும் இருந்தன. டிசம்பரில் வேறொரு குருவானவர் அந்தப் பக்கம் செல்வதாகக் கேள்விப்பட்டாராம். எத்தனை கிலோ கொடுத்துவிடலாம் என்று கேட்டார்.